தண்ணீர் எந்த வழியாக வந்தது?

கேள்வி: கடலூர் ஆல்பேட்டையில் சொந்த வீட்டில் வசிக்கிறோம். ஃபெஞ்சல் புயலை அடுத்து, 2024 டிசம்பரில் தென்பெண்ணையாற்று வெள்ளம் வீட்டுக்குள் இடுப்பளவு நின்றது. வீட்டுக்கடன் வாங்கியபோது வங்கியே ஒரு காப்பீடு எடுத்துக் கொடுத்திருந்தது. பெயர்ந்துபோன சுவர்ப்பூச்சுக்கு இழப்பீடு கிடைத்தது; ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மரக்கட்டில், பீரோ எதற்கும் ஒரு ரூபாய்கூட வரவில்லை. அடுத்த மழைக்காலத்துக்குள் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? – ஒரு வாசகி, கடலூர்

பதில்: உங்களுக்கு நேர்ந்தது கடலூரிலும் புதுச்சேரியிலும் பல வீடுகளில் நேர்ந்ததுதான். வங்கிக்குத் தன் கடனுக்கு ஈடான கட்டடம் பத்திரமாக இருந்தால் போதும். ஆகவே, அது பெரும்பாலும் கட்டடத்துக்கு மட்டுமே காப்பீடு எடுக்கிறது. வீட்டுக்குள் இருக்கும் பொருட்கள் அதில் சேர்வதில்லை. இந்த ஒரு விஷயத்தைக் கடன் பத்திரங்களில் கையெழுத்து வாங்கும்போதே வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

2021 ஏப்ரல் 1 முதல், பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டுக் காப்பீட்டை வழங்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்தது. தீ, நிலநடுக்கம் ஆகியவற்றுடன் புயல், சுனாமி, வெள்ளம், நீர்சூழ்தல் ஆகியவையும் அதன் அடிப்படைப் பாதுகாப்பிலேயே அடங்கும். தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்த நம் மாவட்டத்துக்கு இது பொருத்தமான ஏற்பாடு. இதில் கட்டடம், பொருட்கள் இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால், கட்டடத்தின் காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய்க்கு, பொதுவான வீட்டுப் பொருட்களுக்குத் தானாகவே பாதுகாப்பு கிடைக்கும். அதற்கு மேல் வேண்டுமானால் பொருட்களின் விவரம் கொடுத்துக் கூட்டிக்கொள்ளலாம். நகைகளுக்குத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். ரொக்கப் பணம், பத்திரங்கள், வாகனங்கள் ஆகியவை இதில் சேரா.

காப்பீட்டுத் தொகையைக் கடன் தொகையை வைத்து முடிவு செய்யாதீர்கள்; மனையின் விலையையும் சேர்க்காதீர்கள். வெள்ளம் மனையைக் கொண்டுபோவதில்லை. கார்ப்பெட் ஏரியா (சுவர்களை விட்டு, வீட்டுக்குள் புழங்கும் தரைப்பரப்பு) 900 சதுர அடி, இன்றைக்குத் திரும்பக் கட்டச் சதுர அடிக்கு 2,000 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொண்டால், கட்டடத்துக்கு 18 லட்சம், பொருட்களுக்கு 3 லட்சத்து 60 ஆயிரம் என்று கணக்கு வரும். ஃபெஞ்சலுக்குப் பிறகு ஒரு குடும்ப அட்டைக்குக் கடலூரில் 2,000 ரூபாயும் புதுச்சேரியில் 5,000 ரூபாயும் அரசு நிவாரணமாக அறிவிக்கப்பட்டதை நினைத்துப் பார்த்தால், இந்தக் கணக்கு எதற்கு என்பது புரியும்.

உங்கள் பாலிசி 2021-க்கு முன் எடுத்த நீண்டகாலப் பாலிசியாக இருந்தால், அதை எடுத்து வரிவரியாகப் படியுங்கள். பழைய தீ விபத்துப் பாலிசிகளில், பிரீமியத்தைக் குறைப்பதற்காகப் புயல், வெள்ளம் ஆகியவற்றை நீக்கிவிட்டு எடுக்கும் வழி இருந்தது. மேலும், உண்மையான மதிப்பைவிடக் குறைந்த தொகைக்கு எடுத்திருந்தால் இழப்பீட்டையும் அந்த விகிதத்தில் குறைத்துவிடுவார்கள். புதிய பாலிசியில் சரியான விவரம் கொடுத்தவர்களுக்கு அந்தக் குறைப்பு இல்லை.

தண்ணீர் வடிந்தவுடன் எல்லோரும் செய்யும் இரண்டு காரியங்களைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். ஊறிப்போன சாமான்களை, சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயர் வந்து பார்ப்பதற்கு முன் தெருவில் போட்டுவிட வேண்டாம். நாற்றம் தாங்காமல் அகற்றியே ஆக வேண்டுமென்றால், ஒவ்வொன்றையும் அதன் மாடல் எண்ணோடும், சுவரில் தண்ணீர் நின்ற கறையோடும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதேபோல, ஓடுகிறதா என்று பார்ப்பதற்காக ஈரமான ஃபிரிட்ஜின் சுவிட்சைப் போடாதீர்கள். ஷார்ட் சர்க்யூட்டால் அந்த இயந்திரத்துக்கே ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு இல்லை. வெள்ளத்தில் கெட்ட பொருள், உங்கள் கையாலேயே ஷார்ட் சர்க்யூட்டில் கெட்ட பொருளாகிவிடக் கூடாது. வீட்டைப் பூட்டிவிட்டு முகாமுக்குப் போன நிலையில், அந்த வெள்ளத்தின் தொடர்ச்சியாக ஏழு நாட்களுக்குள் திருட்டு நடந்தால் அதற்கும் இதே பாலிசியில் பாதுகாப்பு உண்டு. பலர் இதை அறியாமல் போலீஸ் புகாரோடு நின்றுவிடுகிறார்கள்.

கேள்வி: லாஸ்பேட்டையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். மேல்வீட்டுக் குளியலறைக் குழாயிலிருந்து தண்ணீர் இறங்கி எங்கள் படுக்கையறைச் சுவரும் அலமாரியும் பாழாகிவிட்டன. பாலிசியில் 'வெள்ளம்' என்றுதானே போட்டிருக்கிறது என்று முகவர் சொல்கிறார். – ஒரு வாசகர், புதுச்சேரி

பதில்: முகவர் பாதியோடு நிறுத்திவிட்டார். பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் வெள்ளம் இடம்பெறும் அதே ஆபத்துகளின் பட்டியலில், தண்ணீர்த் தொட்டியும் குழாயும் வெடிப்பதும் வழிவதும் தனி இனமாகவே இருக்கின்றன. எனவே, குழாய் திடீரென்று உடைந்து தண்ணீர் கொட்டியிருந்தால் நீங்கள் தாராளமாக உரிமை கோரலாம். ஆனால் மாதக்கணக்கில் கசிந்து, சுவர் உப்புப் பூத்து, பூஞ்சை பிடித்திருந்தால் அது அந்தப் பட்டியலில் வராது. அது பராமரிப்புக் குறை, மேல்வீட்டாரிடமும் சங்கத்திடமும் பேசித் தீர்க்க வேண்டியது. அதனால்தான், உரிமைகோரல் படிவத்தில் 'தண்ணீர் வந்தது' என்று மட்டும் எழுதாமல், எந்த நாளில், எந்தக் குழாய், எப்படி உடைந்தது என்று நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்கிறேன். பிளம்பரிடம் தேதியிட்ட ரசீது வாங்கி இணையுங்கள்.

நிறுவனம் மறுத்தால், முதலில் அதன் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்துமூலம் புகார் அனுப்புங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி அளிக்காவிட்டாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். தமிழ்நாட்டோடு புதுச்சேரியும் காரைக்காலும் அவர் எல்லைக்குள் வருகின்றன. 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிப்பார். கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.

கேள்வி: வாடகை வீட்டில் இருப்பவர்கள் காப்பீடு எடுக்க முடியுமா? – ஒரு வாசகர், மஞ்சக்குப்பம்

பதில்: முடியும். கட்டடத்தை வீட்டு உரிமையாளர் பார்த்துக்கொள்ளட்டும். உங்கள் பொருட்களுக்கு மட்டும் தனியாக எடுக்கலாம். கெடிலம் பக்கத்தில் தரைத்தளத்தில் குடியிருக்கிறீர்கள் என்றால், ஐப்பசி பிறப்பதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.