மகள் மாட்ரிட்டில் நடிப்பு படிக்க வேண்டும் என்கிறாள். அனுப்பலாமா?

அம்மா, படித்து முடித்ததும் வேலை கிடைக்குமா என்று உங்கள் கடிதத்தில் மூன்று இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான பயம்தான். உங்கள் மகளுக்குப் பிடித்த நடிகை பெனெலோப்பே குரூஸை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். அது லட்சத்தில் ஒருவருக்கு அமைவது. இன்னொரு ஸ்பெயின் நடிகை பிளாங்கா போர்த்தியோவைப் பாருங்கள்.

1963இல் மாட்ரிட்டில் பிறந்தவர். அங்கே 1831இல் தொடங்கிய அரசு நாடகக் கல்லூரியில், ரெசாத் என்பார்கள், படித்துவிட்டு மேடை ஏறினார். வீட்டுக்கு வீடு முகம் தெரிந்தது 1999இல் தொடங்கிய '7 விதாஸ்' என்ற நகைச்சுவைத் தொடரில், முடி திருத்தும் கார்லோத்தாவாக. அப்போதே வயது 35. 2006இல் 'வோல்வெர்' படத்துக்காக கான் திரைப்பட விழாவில் ஆறு நடிகைகளுக்குச் சேர்த்துக் கொடுத்த விருதில் இவருக்கும் பங்கு. ஸ்பெயினின் தேசியத் திரைப்பட விருதான கோயா, சிறந்த நடிகைக்கானது, 'மைஷாபெல்' படத்துக்கு வந்தது 2022இல், 58 வயதில். இடைப்பட்ட காலமெல்லாம் சும்மா இருக்கவில்லை. நாடகம், தொலைக்காட்சி என்று ஓடிக்கொண்டே இருந்தார். உங்கள் மகளிடம் சினிமாவைப் பற்றிக் கேட்காதீர்கள், இந்த ஓட்டம் பிடிக்குமா என்று கேளுங்கள்.

எனக்கு இருக்கும் பெரிய தயக்கம் பணம் அல்ல, மொழி. 2012இல் கால்தெரோன் என்ற ஸ்பெயின் நாடகாசிரியரின் 17ஆம் நூற்றாண்டு நாடகத்தில் செஹிஸ்முந்தோ என்ற இளவரசனாக, ஆமாம், ஆண் வேடத்தில், போர்த்தியோ நடித்தார். அவன் பேசும் புகழ்பெற்ற புலம்பல் செய்யுள், வரிக்கு எட்டு அசை. ஒரு சொல்லின் கடைசி உயிரும் அடுத்த சொல்லின் முதல் உயிரும் ஒட்டி ஒரே அசையாக வரும், ஏறக்குறைய நம் இலக்கணத்தில் வரும் சொற்புணர்ச்சி மாதிரி. பிரித்துச் சொன்னால் வரி நொண்டும். இரண்டு வருடம் படித்த ஸ்பானிஷ் கடைத்தெருவுக்குப் போதும்; இதற்குப் போதாது.

ரெசாத்தில் நான்கு வருடப் படிப்பு. மதிப்பெண்ணை மட்டும் வைத்து இடம் தர மாட்டார்கள், தனி நுழைவுத் தேர்வு உண்டு. நம் பிளஸ் டூ சான்றிதழை ஸ்பெயின் கல்வி அமைச்சகம் இணையானது என்று ஏற்க வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம், சீக்கிரம் விண்ணப்பியுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. அந்தப் புலம்பலில் முதல் பத்து வரியைக் கைப்பேசியில் பதிவு செய்து ஸ்பானிஷ் டீச்சருக்கு அனுப்பச் சொல்லுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். விசா, வங்கிக் கடனெல்லாம் அப்புறம் பேசலாம்.