ஒரே வீட்டில் இரண்டு ஜான்கள்

அன்புள்ள ஐயா,

நான் மெல்பர்னில் வசிக்கிறேன். என் கணவரின் முன்னோர் 1850களில் ஸ்காட்லாந்தின் ஹாரிஸ் தீவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் என்று மாமியார் சொல்லிக்கொண்டிருப்பார். அவர் போன ஆண்டு காலமானார். மகள் கேட்கிறாளே என்று நானே தேட உட்கார்ந்தேன். மெக்லவுட் என்ற குடும்பப் பெயரைத் தேடினால் பாதித் தீவு வந்து நிற்கிறது. ஒருவழியாக 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு வீட்டைப் பிடித்தேன். அதில் ஜான் என்ற பெயரில் இரண்டு மகன்கள், ஒருவனுக்கு 12 வயது, இன்னொருவனுக்கு 5. தாய் பெயர் சாரா, வயது 49. ஆனால் 1841 கணக்கில் அதே இடத்தில் இருப்பவர் மரியன், வயது 35. எழுதியவர் குளறிவிட்டார், இதை விட்டுவிடு என்கிறார் கணவர். விட்டுவிடலாமா?

– ஒரு வாசகி, மெல்பர்ன்

அன்புள்ள சகோதரிக்கு,

விடாதீர்கள். நீங்கள் பிழை என்று நினைக்கும் மூன்றும் பிழையாக இருக்க வேண்டியதில்லை.

முதலில் ஜான்கள். மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தாவின் பெயர், அடுத்தவனுக்குத் தாய்வழித் தாத்தாவின் பெயர் என்பது ஸ்காட்லாந்தில் பரவலாக இருந்த வழக்கம். பெயரன் என்ற சொல்லைத்தான் பேரன் ஆக்கி வைத்திருக்கிறோம். நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டு தாத்தாக்களும் ஜான் என்றால் இரண்டு பையன்களும் ஜான்தான். வீட்டில், தீவினரின் தாய்மொழியான கேலிக்கில், ஒருவன் இயன் மோர், மற்றவன் இயன் பெக்: பெரிய இயன், சின்ன இயன். ஆங்கிலப் படிவத்தில் இருவரும் ஜான் ஆகிவிடுவார்கள்.

தாயின் பெயரும் அப்படித்தான். மோரக் என்ற கேலிக் பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் மரியன் என்று எழுதுவார், இன்னொருவர் சாரா என்று எழுதுவார். ஒலியில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, வழக்கம் அப்படி. டொர்மொட் நார்மன் ஆவதும், பெஹக் ரெபெக்கா ஆவதும் இதே கதைதான். வயதுக் கணக்கு இன்னும் எளிது. 1841இல், 15 வயதைத் தாண்டியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 39 வயதுக்காரி தாளில் 35 ஆவார். பத்தாண்டு கழித்து 49. உங்கள் சாரா சரியாகத்தான் வயதாகியிருக்கிறார்.

மெக்லவுட் என்ற குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு அலைவதை மட்டும் நிறுத்துங்கள். அந்தப் பெயர் எஜமானர்களுக்கும் எழுத்தர்களுக்கும் பயன்பட்டது. தீவுக்காரர்கள் கேட்ட கேள்வி ‘கோ லேஷ் ஊ?’ என்பது. நீ யாருடைய பிள்ளை என்று அர்த்தம். பதிலாகத் தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர் என்று அடுக்கிச் சொல்ல வேண்டும். ஹாரிஸின் தெற்குப் பகுதியில் உள்ள நார்த்டன் என்ற ஊரில் பில் லாசன் என்ற ஆய்வாளர் தொடங்கிய வம்சாவளி மையத்துக்கு இந்தக் கேள்வியையே பெயராக வைத்தார். பதிவேடுகளோடு ஊர்ப் பெரியவர்களின் நினைவையும் சேர்த்து, ஒவ்வொரு துண்டு நிலமும் எந்தக் குடும்பத்திடமிருந்து எந்தக் குடும்பத்துக்குப் போனது என்று பல பத்தாண்டுகள் தொகுத்தவர் அவர். நீங்கள் குடும்பப் பெயரைக் கொண்டு தேடுவதைவிட ஊர்ப் பெயரைக் கொண்டு அந்தத் தொகுப்புகளில் தேடுங்கள்.

ஊர் என்றதும் ஒரு எச்சரிக்கை. ஹாரிஸின் மேற்குக் கரை மணல் கலந்த நல்ல நிலம். 19ஆம் நூற்றாண்டில் ஆட்டுப் பண்ணைகளுக்காக அங்கிருந்த குடிகளை அப்புறப்படுத்தினார்கள். பலர் கிழக்குக் கரைக்குத் தள்ளப்பட்டார்கள். அங்கே வெறும் பாறை. கடற்பாசியையும் கிடைத்த மண்ணையும் கூட்டி மேடு கட்டி உருளைக்கிழங்கு போட்டார்கள். பிணத்தைப் புதைக்கும் ஆழத்துக்கு மண் கிடையாது. அதனால் சவப்பெட்டியைத் தோளில் சுமந்து, குன்றுகளைக் கடந்து, லஸ்கென்டையர் போன்ற மேற்குக் கரைக் கல்லறைகளுக்கு வந்தார்கள். உயிரோடு இருந்தபோது மறுக்கப்பட்ட நிலத்தில் செத்த பிறகு ஆறடி கிடைத்தது. ஆகவே கல்லறை இருக்கும் இடத்தை வைத்து வாழ்ந்த ஊரை முடிவுசெய்துவிடாதீர்கள். பழைய குழிகள் பலவற்றில் பெயரே கிடையாது, நட்டுவைத்த கரடுமுரடான கல் மட்டும்தான்.

1846இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. அதன் பின்விளைவாகத்தான் உங்கள் கணவர் வீட்டாரும் கப்பலேறியிருக்க வேண்டும். 1852 முதல் 1857 வரை ஹைலண்ட் மற்றும் தீவுக் குடியேற்றச் சங்கம் சுமார் 5,000 பேரை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியது. யார், என்ன வயது, எந்த ஊர், எந்தக் கப்பல் என்ற பட்டியல் எடின்பரோவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அந்தச் சங்கத்தை நடத்தியவர்களில் ஒருவர் சர் சார்லஸ் டிரெவெல்யன். 1859இல் சென்னை மாகாண ஆளுநராக வந்தவர் அவரேதான். உங்கள் பூட்டனார் சென்னை மாகாணத்துக்காரர் என்றால், கணவர் வீட்டாரைக் கப்பலில் ஏற்றியவர் அவரையும் சிறிது காலம் ஆண்டிருக்கிறார்!

தேவாலயப் பதிவேட்டில் சின்ன ஜானின் ஞானஸ்நானம் கிடைக்கவில்லை என்றால் கலங்க வேண்டாம். 1843இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை இரண்டாக உடைந்தபோது தீவினரில் பெரும்பாலோர் பிரிந்துபோன பக்கம் சேர்ந்துவிட்டார்கள். பழைய சபையின் ஏட்டில் அவர்கள் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள்.

இனி நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றுதான்: சாராவின் தந்தை யார்? சாரா ஹாரிஸிலேயே தங்கி 1855இலோ அதற்குப் பிறகோ இறந்திருந்தால், அந்த ஆண்டு தொடங்கிய அரசுப் பதிவில் அவருடைய இறப்புச் சான்றிதழ் இருக்கும். ஸ்காட்லாந்து ஆவணங்களில் திருமணமான பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர் மறைவதில்லை. இறந்தவரின் தாய் தந்தையர் பெயரும் கேட்டு எழுதப்படும். அவரும் கப்பலேறியிருந்தால் வேலை இன்னும் சுலபம். விக்டோரியாவில் அரசுப் பதிவு 1853இலேயே தொடங்கிவிட்டது. அங்கும் இறப்புப் பதிவில் பெற்றோர் பெயரைக் கேட்டார்கள். உங்கள் ஊரிலேயே விண்ணப்பித்து வாங்கிவிடலாம்.

தந்தை பெயர் ஜான் என்று வந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். உங்கள் கணவரிடம் முதலில் காட்டிவிட்டு.

அன்புடன்.