சார்ஜிங் பாயின்ட் மானியம்: எதற்கு 80 சதவீதம்?

கேள்வி: ஏற்காட்டில் எட்டு அறை கொண்ட காட்டேஜ் நடத்துகிறோம். சனி, ஞாயிறு ரூம் கேட்டுப் போன் செய்பவர்கள் "மின்சாரக் காருக்குச் சார்ஜிங் இருக்கா?" என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். வேகமாக ஏற்றும் 30 கிலோவாட் டிசி மெஷினுக்குக் கொட்டேஷன் வாங்கிவிட்டோம். மத்திய அரசு 80 சதவீதம் மானியம் தருவதாக மெஷின் விற்பவர் சொல்கிறார். கிடைக்குமா?

பதில்: 80 சதவீதம் என்பது பொய்யில்லை. எதில் 80 என்பதைத்தான் அவர் விழுங்கிவிட்டார்.

அவர் சொல்வது மின்சார வாகனங்களுக்கான மத்திய அரசின் பிஎம் இ-டிரைவ் திட்டம். 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள இத்திட்டத்தின் 10,900 கோடி ரூபாயில், பொது சார்ஜிங் நிலையங்களுக்கு ஒதுக்கியது 2,000 கோடி. 2025 செப்டம்பரில் வந்த வழிகாட்டு நெறிமுறைகளின்படி, மானியம் இடத்தைப் பொறுத்து மாறும். அரசு அலுவலகம், அரசு மருத்துவமனை போன்ற வளாகங்களில் எல்லோரும் வந்து சார்ஜ் செய்ய விட்டால் முழுச் செலவும் கிடைக்கும். ரயில் நிலையம், பேருந்து நிலையம், எண்ணெய் நிறுவன பங்க், சுங்கச்சாவடி என்றால் மின்வசதிச் செலவில் 80, மெஷின் விலையில் 70 சதவீதம். மற்ற இடங்களுக்கு மின்வசதிச் செலவில் மட்டும் 80. அதாவது டிரான்ஸ்ஃபார்மர், கேபிள், பிரேக்கர், சிவில் வேலை ஆகியவற்றுக்கு. மெஷின் உங்கள் கைக்காசு.

அதையும் நீங்கள் நேரே விண்ணப்பித்து வாங்க முடியாது. மாநில அரசின் முகமைதான் இடங்களைத் தொகுத்து மத்திய அரசுக்கு அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டில் பசுமை எரிசக்திக் கழகம் அந்தப் பொறுப்பில் இருக்கிறது. முன்னுரிமையும் பெரிய நகரங்கள், ஸ்மார்ட் சிட்டிகள், போக்குவரத்து மிகுந்த நெடுஞ்சாலைகளுக்குத்தான். சேலம் மாநகராட்சி ஸ்மார்ட் சிட்டி என்பதால் மலைக்குக் கீழே வாய்ப்பு உண்டு. தங்க வருபவருக்கு மட்டும் கேட்டைத் திறக்கும் மலைமேல் காட்டேஜ் 'பொது நிலையம்' என்ற கணக்கிலேயே வராது. மானியம் பூஜ்யம் என்று வைத்தே வரவு செலவு போடுங்கள்.

அப்படிப் போட்டால் அந்த டிசி மெஷினே தேவையா என்ற கேள்வி வரும். தேவையில்லை என்பதே என் கருத்து. உங்களிடம் வருபவர் இரவு தங்குகிறார். மெதுவாக ஏற்றும் 7.4 கிலோவாட் ஏசி சார்ஜர் 40 யூனிட் பேட்டரியை ஆறு மணி நேரத்துக்குள் ஏறக்குறைய நிரப்பிவிடும். அப்படி இரண்டு பாயின்ட் போதும். 30 கிலோவாட் நின்று சம்பாதிக்கும் இடம் சீலநாயக்கன்பட்டி பைபாஸ். அங்கே டீ குடிக்கும் நேரத்தில் வண்டி கிளம்பியாக வேண்டும்.

கூடுதல் மின்பளு, தனி இணைப்பு இரண்டில் எது சரி என்று இ.பி. பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். புதிய கம்பமோ டிரான்ஸ்ஃபார்மரோ தேவைப்படாத இணைப்பைப் பெருநகரம் அல்லாத மாநகராட்சி, நகராட்சிப் பகுதியில் 7 நாளிலும், மலைப்பாங்கான கிராமப் பகுதியில் 30 நாளிலும் தர வேண்டும் என்பது மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024-ல் வந்த திருத்தம். தனி இணைப்பு என்றதும் "மலிவு ரேட்" என்பார்கள். காலை 9 முதல் மாலை 4 வரையிலான சூரிய மின்சார நேரத்துக்குத்தான் மத்திய வழிகாட்டுதல் குறைந்த கட்டணம் சொல்கிறது. உங்கள் விருந்தினர் செருகுவதோ ராத்திரி பத்து மணிக்கு.

கொட்டேஷனில் ஜிஎஸ்டியைப் பாருங்கள். சார்ஜருக்கு 2019 ஆகஸ்ட் முதல் 5 சதவீதம்தான். மொத்தத் தொகைக்கும் 18 போட்டிருந்தால் சார்ஜரைத் தனி ஐட்டமாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

இன்னொன்று, காசு விஷயமில்லை: மலை இறங்கப் போகிறவர்களை 100 சதவீதம் ஏற்ற விடாதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவிலும் வண்டி இறங்கும்போது உருவாகும் மின்சாரத்தை ஏற்றுக்கொள்ள பேட்டரியில் இடமிருக்காது. வேலை முழுக்க பிரேக்கின் தலையில் விழும்.

கேள்வி: சேலம் ஐந்து ரோடு அருகே காலி மனை இருக்கிறது. சார்ஜிங் ஸ்டேஷன் லைசென்ஸும் மானியமும் வாங்கித் தருவதாக ஒருவர் 45,000 ரூபாய் பதிவுக் கட்டணம் கேட்கிறார். அசோகச் சின்னம் போட்ட கடிதமும் காட்டினார். பி.இ. முடித்த மகனுக்குத் தொழிலாகுமே என்று பார்க்கிறேன்.

பதில்: கொடுக்காதீர்கள். சார்ஜிங் நிலையம் நடத்த லைசென்ஸே வேண்டாம் என்று மத்திய மின் அமைச்சகம் 2018-லேயே சொல்லிவிட்டது. இல்லாத லைசென்ஸுக்கு அவர் விலை சொல்கிறார். ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் இதைப் படித்து முடிக்கும் முன் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழையுங்கள்.

மகனுக்கு நேர்வழி மாவட்டத் தொழில் மையம். தமிழக அரசின் 'நீட்ஸ்' திட்டத்தில் 10 லட்சம் முதல் 5 கோடி வரையிலான தொழிலுக்கு 25 சதவீதம், அதிகபட்சம் 75 லட்சம் மானியம் உண்டு. வங்கிக் கடனோடு சேர்ந்தே வரும். முதல் தலைமுறைத் தொழில்முனைவோராக இருக்க வேண்டும். திட்ட அறிக்கையோடு மகனையே போகச் சொல்லுங்கள்.

மனையைச் சார்ஜிங் நிறுவனத்துக்கு விடுவதானால் ஒப்பந்தத்தில் மூன்றைத் தேடுங்கள்: இ.பி. பில் யார் பெயரில், வண்டி வராத மாதத்துக்கு வாடகை உண்டா, விலகும்போது மெஷினை யார் செலவில் கழற்றுவது.

கேள்வி: ஆத்தூரில் என் டீக்கடை வாசலில் போட்ட சார்ஜர் மூன்று மாதத்தில் நின்றுவிட்டது. விற்ற கம்பெனி போனை எடுப்பதில்லை. நுகர்வோர் கோர்ட் போகலாமா?

பதில்: வியாபாரத்துக்கு வாங்கியவர் 'நுகர்வோர்' இல்லை என்று கம்பெனி வாதாடும். ஆனால் சுயதொழிலாக, பிழைப்புக்காக வாங்கியவருக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. கடையை நீங்களே நடத்துவதால் அதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியுங்கள். நடக்காவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கெடு இரண்டு ஆண்டு. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது.