ஸ்லீவ் அறுவைக்குப் பின் 'போதும்' என்பது எப்படித் தெரியும்?

எடை குறைக்க இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கும் ஸ்லீவ் அறுவை முடிந்து மூன்று மாதம் ஆகிறது, வயிறு நிறைந்தது தெரியவே மாட்டேன் என்கிறது, நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே திடீரென்று வாந்தி வந்துவிடுகிறது, இது எனக்கு மட்டும்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு மட்டும் இல்லை. நீங்கள் அந்த உணர்வை வயிற்றில் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் நான்கு மாதம் அங்கேதான் தேடினேன்.

நான் மருத்துவன் அல்லன், கீழக்கரையில் கடை வைத்திருப்பவன். எனக்குச் செய்தது ஸ்லீவ் என்பதால், எடை குறைக்க இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு நான் சொல்வதில் சில மாறுபடலாம். 'வாயைக் கட்ட முடியாமல் வயிற்றை வெட்டிக்கொண்டவன்' என்று கீழே எழுத வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அதை என் சொந்தக்காரர்களே சொல்லி முடித்துவிட்டார்கள், நீங்கள் சிரமப்பட வேண்டாம்.

அறுவைக்கு முன்பு எனக்குப் போதும் என்பதைச் சொன்னது கைலிதான். அது இடுப்பில் இறுகினால் அவிழ்த்துத் தளர்வாகக் கட்டிக்கொண்டு இன்னும் கொஞ்சம் சாப்பிடுவேன். இரண்டாம் முறை இறுகினால் எழுந்துவிடுவேன். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று பள்ளிவாசல் பயானில் சிறு வயதிலிருந்து கேட்டு வந்தவன்தான். அந்த முதல் பங்கு எந்த இடத்தில் முடிகிறது என்பது மட்டும் எனக்குப் பிடிபட்டதே இல்லை.

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்கையோ அதற்குச் சற்று மேலேயோ வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மேல் பக்கத்தில் பலூன்போல விரிந்து, சாப்பாடு உள்ளே வர வர நெகிழ்ந்து இடம் விட்டுக்கொண்டிருந்த பகுதி அதில் போய்விடுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் அங்கே சுரப்பதால், முதல் சில மாதங்கள் பசியும் சரியாகத் தெரிவதில்லை. மிஞ்சுவது ஒரு குழாய். தேநீர்க் கடைக் கண்ணாடி டம்ளர் அளவுதான் கொள்ளும், விரிந்தும் கொடுக்காது. ஆகவே வயிறு கனப்பதற்கு முன்பே நெஞ்செலும்புக்குக் கீழே அழுத்தம் ஏறிவிடுகிறது. பழைய இடத்தில் கனம் வரட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் இரண்டு மூன்று கவளம் கூடுதலாகப் போயிருக்கும்.

எனக்கு இது விளங்கியது அக்கா மகள் கல்யாணத்தில். எங்கள் ஊரில் சகன் சாப்பாடு. ஒரு பெரிய தாம்பாளத்து நெய்ச்சோற்றைச் சுற்றி நான்கு பேர் அமர்ந்து அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிடுவோம். தனித் தட்டில் குறைவாகச் சாப்பிட்டால் யாருக்கும் தெரியாது. சகனில் என் பக்கம் மட்டும் சோறு மேடாக நிற்க, மற்ற மூன்று பக்கமும் தட்டின் அடி தெரிய ஆரம்பித்துவிட்டது. எதிரே இருந்த மச்சான், "என்ன மாப்ளே, புதுப்பொண்ணு மாதிரி கொறிக்கிறீங்க?" என்று சொல்லிக்கொண்டே ஒரு நல்ல கறித்துண்டை என் பக்கம் தள்ளினார். உபசாரம்தான், குறை சொல்ல முடியாது. அதற்கு முன்பே எனக்கு மூக்கு ஒழுகத் தொடங்கியிருந்தது, ஒரு விக்கலும் வந்தது. தால்சாவின் காரம் என்று நினைத்துத் தோளில் துடைத்துக்கொண்டேன். அந்தத் துண்டைச் சரியாக மெல்லாமல் விழுங்கினேன். நெஞ்சுக்குழியில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல இருந்தது, வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. இறங்கட்டும் என்று தண்ணீர் குடித்தேன். அதைப்போல ஒரு தவறு கிடையாது, அடைத்த குழாயில் தண்ணீர் எங்கே போகும்? மற்றவர்கள் சாப்பிடும்போதே எழுந்து கொல்லைப்பக்கம் ஓடி, கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு, சோப்பு நுரைபோல வெறும் நுரையாகவே வெகுநேரம் துப்பிக்கொண்டிருந்தேன். மச்சான் பின்னாலேயே வந்து முதுகைத் தடவிவிட்டார். பிறகு இரண்டு ஆண்டுகள் அந்தக் கதையை ஊரெல்லாம் சொன்னார்.

அதன் பிறகு ஒவ்வொரு வேளையும் கவனித்ததில், மூக்கு ஒழுகினால் அடுத்த கவளம் கூடாது என்பது எனக்கு விதி ஆனது. சிலருக்குத் தும்மல், சிலருக்குச் சின்ன ஏப்பம், சிலருக்குத் தன்னையறியாமல் ஒரு பெருமூச்சு, சிலருக்கு இடது தோளில் வலி. உங்களுடையது எது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், வாந்தி வந்த நாட்களில் அதற்கு முந்தைய இரண்டு நிமிடம் உடம்பில் என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். கைப்பேசி பார்த்துக்கொண்டு சாப்பிட்டால் தப்பிவிடும்.

இன்னொன்று, இந்த அடையாளம் எல்லாச் சாப்பாட்டுக்கும் வராது. பொரித்த சீலா மீன் துண்டு பாதியிலேயே சொல்லிவிடும். குழம்பில் வெந்த விளைமீன் கொஞ்சம் தாமதமாகச் சொல்லும். கஞ்சி சொல்லவே சொல்லாது. முதல் ரமலானில் மருத்துவர் நோன்பு வேண்டாம் என்றுவிட்டார், நோன்புக் கஞ்சியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தினமும் மாலையில் மூன்று குவளை, அதில் ஊறிய வடை, மேலே ஒரு துண்டு தொதல் இனிப்பு. எல்லாம் வழுக்கிக்கொண்டு இறங்கின, மூக்கு கம்மென்று இருந்தது, அந்த மாதம் எடை ஒரு கிலோகூட இறங்கவில்லை. வழுக்கி இறங்குவதை மூக்கை நம்பிச் சாப்பிடக் கூடாது, அளந்துதான் குடிக்க வேண்டும். மீனையோ முட்டையையோ முதலில் சாப்பிட்டுவிட்டால் புரதமும் சேரும், அடையாளமும் நேரத்துக்கு வரும். தண்ணீர் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் கழித்துத்தான்.

எனக்குக் கொடுத்த உணவு அட்டவணையில் ஓட்ஸும் ப்ராக்கோலியும் பனீரும்தான் இருந்தன. கடற்கரையில் பிறந்தவனுக்கு எந்த மீன் எப்படி இறங்கும் என்று ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரிக்காக மதுரை வரை போய், மூன்று மணி நேரம் காத்திருந்து, "மீன் சாப்பிடலாம்" என்ற பதிலோடு திரும்பியிருக்கிறேன். எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள். அறுவையை நன்றாகத்தான் செய்தார்கள்.

நிதானமாகச் சாப்பிட்டும் வாந்தி நிற்கவில்லை என்றால், அல்லது தண்ணீர்கூட இறங்கவில்லை என்றால், என்னைப்போன்றவர்களின் பதிலைப் படித்துக்கொண்டிருக்காமல் அறுவை செய்தவரிடம் போங்கள். குழாய் சுருங்கியிருக்கலாம். தொடர் வாந்தியால் தயமின் சத்து குறைந்தால் நரம்பையும் மூளையையும் பாதிக்கும், அது விளையாட்டில்லை.

இப்போது என் வீட்டில் நான் மூக்கைத் துடைத்தால் மனைவி பேசாமல் தட்டை எடுத்துவிடுவார். போன மழைக்காலத்தில் எனக்கு நிஜமாகவே சளி பிடித்தபோது, சொல்லச் சொல்லக் கேட்காமல் இரண்டு வேளை அப்படித்தான் எடுத்துக்கொண்டு போனார்.