ஃபரோ தீவுகளின் கால்பந்து லீக் ஏன் கோடையில் நடக்கிறது? அது அணிகளுக்கு உதவுகிறதா?

காரணம் வானிலைதான். வட அட்லாண்டிக்கில் ஏறத்தாழ 54,000 பேர் வாழும் ஃபரோ தீவுகளில் குளிர்காலப் பகல் மிகக் குறுகியது, காற்றோ கடுமையானது. ஆகவே பருவம் மார்ச்சில் தொடங்கி அக்டோபர் வாக்கில் முடிகிறது. பத்து அணிகளும் ஒன்றையொன்று மும்முறை சந்திப்பதால் ஒவ்வோர் அணிக்கும் 27 ஆட்டங்கள். (1942இல் தொடங்கிய இந்த லீக், பந்துகள் கிடைக்காத காரணத்தால் 1944இல் நடக்கவே இல்லை!)

இந்த அட்டவணை உதவுகிறது என்றே கருதுகிறேன். 2023ஆம் ஆண்டுப் பருவமே அதற்குச் சான்று. அவ்வாண்டு லீக் பட்டத்தையும் வென்ற கிளாக்ஸ்விக் நகரின் கேஐ அணி, ஜூலையில் ஐரோப்பிய கிளப்புகளின் முதன்மைப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிச்சுற்றுக்குச் சென்றபோது பல மாதங்கள் தொடர்ந்து ஆடிய உடல்தகுதியோடு இருந்தது. புதிய பருவத்தை அப்போதுதான் தொடங்கவிருந்த ஹங்கேரியின் ஃபெரன்ஸ்வாரோஸ் அணியை, புடாபெஸ்டிலேயே 3–0 என வீழ்த்தியது. ஆயினும் அட்டவணை மட்டுமே காரணமன்று. தங்களைப் போலவே கோடையில் ஆடும் ஸ்வீடனின் ஹேக்கன் அணியையும் அவர்கள் பெனால்டி ஷூட்அவுட்டில் வெளியேற்றினர். பின்னர் நார்வேயின் மோல்டே, மால்டோவாவின் ஷெரிஃப் அணிகளிடம் தோற்றபோதும், தகுதிச்சுற்றில் தோற்றவர்கள் அடுத்த நிலைப் போட்டிக்கு மாற்றப்படுவதால், ஐரோப்பாவின் மூன்றாம் நிலைப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீக்கின் குழுச்சுற்றில் இடம்பெற்று, ஐரோப்பியப் போட்டியொன்றின் குழுச்சுற்றை எட்டிய முதல் ஃபரோ அணியாயினர். அங்கே பிரான்சின் லில் அணியுடன் சமன் செய்ததும், ஸ்லோவேனியாவின் ஒலிம்பியா லுப்லியானாவை 3–0 என வென்றதும் அத்தீவுகளின் கால்பந்தில் மகத்தான நாட்கள்.