பூச்செடி இத்தனை இருந்தும் என் தோட்டம் ஏன் எடுப்பாகத் தெரியவில்லை? நிறங்களை எப்படிச் சேர்ப்பது?

பூ ஒன்றுகூட இல்லாத நாளில் உங்கள் தோட்டம் எப்படி இருக்கிறது? முதலில் அதைப் பாருங்கள்.

நானும் பூவைப் பார்த்துத்தான் செடி வாங்கிக்கொண்டிருந்தேன். நர்சரியில் அன்றைக்கு எது பூத்திருக்கிறதோ அது வீட்டுக்கு வந்துவிடும். சிவப்புச் செம்பருத்தி, ஆரஞ்சு இட்லிப்பூ, ரோஸ் காகிதப்பூ, மஞ்சள் சாமந்தி என்று எல்லாவற்றிலும் ஒவ்வொன்று. எல்லாம் சேர்ந்து பூத்தால் கண் எங்கேயும் நிற்காது, பூ உதிர்ந்தால் ஒரே பச்சைப் புதர். ஒருநாள் போனில் படம் எடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன், மொத்தத் தோட்டமும் ஒரே சாம்பலாக இருந்தது, எந்தச் செடி எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. இருக்கும் இலை எல்லாம் ஒரே அளவு, ஒரே அடர்த்தி, அதுதான் கோளாறு. செலவில்லாத சோதனை, நீங்களும் செய்து பாருங்கள்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் பூச்செடி வாங்குவதையே நிறுத்தினேன். இலைக்காக மட்டும் மூன்று வகை: கரும் ஊதாவில் கோலியஸ், சாம்பல் பூசியது போல டஸ்டி மில்லர், வெள்ளைக் கரை போட்ட இலையுடைய நந்தியாவட்டை. ஏற்கெனவே ஒரு வெளிர் ரோஸ் நித்தியகல்யாணி மூலையில் யாரும் கவனிக்காமல் கிடந்தது. அதைத் தூக்கி கோலியஸுக்கு முன்னால் வைத்தேன், அவ்வளவுதான், ஒவ்வொரு இதழும் கத்தரித்து ஒட்டினது மாதிரி தனித்தனியாகத் தெரிந்தது. இட்லிப்பூவின் ஆரஞ்சும் காகிதப்பூவின் ரோஸும் பக்கத்தில் பக்கத்தில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தன, நடுவில் டஸ்டி மில்லர் மூன்று தொட்டி வந்ததும் அடங்கிவிட்டன. (காகிதப்பூவில் நாம் பூ என்று ரசிக்கும் நிறமும் உண்மையில் பூவடி இலைதான். உள்ளே குச்சி போல நிற்கும் சின்ன வெள்ளைதான் பூ.)

வரிசை வைப்பதற்கு, இங்கிலாந்தின் கெர்ட்ரூட் ஜீக்கில் (1843–1932) செய்ததைத்தான் நான் சின்ன அளவில் காப்பியடித்தேன். ஓவியம் படித்துவிட்டுத் தோட்டத்துக்கு வந்தவர். அவர் வீட்டிலிருந்த நீண்ட பாத்தியில் இரண்டு ஓரங்களிலும் சாம்பல் இலைகளும் நீலம், வெள்ளை, ஊதா போன்ற குளிர்ந்த நிறங்களும், நடுவே போகப்போக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. சூடான நிறத்தையே பார்த்துச் சலித்த கண் குளிர்ந்த நிறத்துக்கு ஏங்கும், அதனால் அடுத்து வரும் நீலம் இன்னும் நீலமாகத் தெரியும். இன்னொன்று, சிவப்பு கிட்டே வந்து நிற்கும், நீலம் விலகிப்போகும். இடம் சின்னதாக இருந்தால் கடைசி மூலையில் சிவப்பை வைக்காதீர்கள், சுவர் மூக்குக்கு முன்னால் வந்துவிடும்.

அப்புறம், நீங்கள் தோட்டத்தில் உட்காரும் நேரம் எது? நான் சாயங்காலம்தான். ஆசைப்பட்டு வைத்த செம்பருத்தி இருட்டத் தொடங்கியதும் முதல் ஆளாகக் கறுத்துப்போகும். வெளிச்சம் குறையும்போது நம் கண்ணுக்குச் சிவப்பு சீக்கிரம் மங்கும், நீலமும் பச்சையும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். இதைக் கவனித்துச் சொன்ன செக் விஞ்ஞானியின் பெயரால் புர்கின்யே விளைவு என்பார்கள். இப்போது நாற்காலிக்குப் பக்கத்தில் வெள்ளைப்பூவும் வெளிர் இலையும் மட்டும்தான், செம்பருத்தியை காலையில் பல் தேய்க்கும்போது பார்க்கிற ஜன்னலோரத்துக்கு மாற்றிவிட்டேன்.

நிற இலையில் இரண்டு தொல்லை உண்டு. குரோட்டன்ஸை நிழலில் வைத்தால் மஞ்சளும் சிவப்பும் மங்கிப் பச்சையாகிவிடும், எனக்கு இரண்டு மாதத்தில் ஆனது. இரண்டாவது, வெள்ளைக் கரை இலைச்செடியில் திடீரென்று முழுப் பச்சையாக ஒரு கிளை வரும். பச்சையம் அதிகம் என்பதால் அது மற்றதைவிட வேகமாக வளரும், பார்த்த உடனே அடியோடு வெட்டாவிட்டால் செடியையே பிடித்துக்கொள்ளும்.

புதுச்செடி வாங்கப் போகும்போது, அது எதன் பக்கத்தில் நிற்கப்போகிறதோ அந்தச் செடியிலிருந்து இரண்டு இலையைக் கிள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். பூவுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். நான் பாதி நாள் வெறுங்கையோடுதான் திரும்புகிறேன்.