நண்பர் வீட்டில் தங்குவதா, ஹோட்டல் எடுப்பதா?

கேள்வி: என் கணவரும் அவருடைய கல்லூரித் தோழரும் அண்ணன் தம்பி மாதிரி. அந்த அண்ணன் குடும்பத்தோடு கோலாலம்பூரில் இருக்கிறார். கணவன், மனைவி இருவருக்கும் வேலை. ஒரு மகள், ஆரம்பப் பள்ளியில் படிக்கிறாள். "வியாழக்கிழமை வந்து அடுத்த செவ்வாய் போகலாம், எங்கள் வீட்டில்தான் தங்க வேண்டும், நான் லீவு போட்டுவிடுகிறேன்" என்கிறார். எனக்கு ஹோட்டல்தான் சரியென்று படுகிறது. அந்தப் பேச்சை எடுத்தாலே அண்ணன் மனசு நோகும் என்கிறார் கணவர். அண்ணியிடம் நான் நாலு வார்த்தைகூடப் பேசியதில்லை. என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த லீவு. நான் இருக்கும் இந்த மலேசியாவின் வேலைச் சட்டப்படி, ஒரு நிறுவனத்தில் இரண்டு வருடம் முடியாதவருக்கு வருடத்துக்குக் குறைந்தது 8 நாள் விடுப்பு. இரண்டிலிருந்து ஐந்து வருடம் வரை 12, அதற்கு மேல் 16. கூடுதலாகத் தரும் கம்பெனிகளும் உண்டு. ஆனாலும் தீபாவளிக்கு ஊருக்கு வருவது, அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்றால் ஓடி வருவது, மகளுக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் இருப்பது எல்லாமே அந்தக் கணக்கிலிருந்துதான் போக வேண்டும். பெட்ரோனாஸ் கோபுரத்துக்கு உங்களைக் கூட்டிப்போக அதில் நாலு நாளைக் கரைப்பானேன்? "லீவு போடாதே, போட்டால் நாங்கள் வரவில்லை" என்று உங்கள் கணவரே சொல்லட்டும். அண்ணன் தம்பி உரிமை இதற்கெல்லாம்தானே.

சரி, தங்கும் இடம். இரண்டும்தான். வியாழன் இரவு ஹோட்டல், வெள்ளி மாலையிலிருந்து திங்கள் காலை வரை அண்ணன் வீடு, திங்கள் இரவு மறுபடி ஹோட்டல். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைவது கொஞ்சம் தொல்லைதான். ஆனால் வேலை நாளில் கொண்டோ எனும் அடுக்குமாடி வீடு எப்படி இருக்கும் என்று பாருங்கள். இங்கே விடியவே ஏழு மணி ஆகும். அதற்கு முன்பே, இருட்டில், பள்ளி வேன் கீழே வந்து நிற்கும். ஒருவர் சாப்பாட்டு டப்பா கட்ட, இன்னொருவர் காலுறையைத் தேட, குழந்தை பாதித் தூக்கத்தில் பல் துலக்க, குளியலறை வாசலில் நீங்கள் இருவரும் துண்டோடு நிற்பீர்கள். அண்ணி முகம் சுளிக்க மாட்டார். சுளிக்காமல் இருப்பதற்கே அவர் பாதி சக்தி போய்விடும்.

இன்னொன்று, பல கொண்டோக்களில் நுழைவு அட்டை இல்லாமல் லிஃப்ட் நகராது. பகலில் ஊர் சுற்றிவிட்டுத் திரும்பினால் கீழே காவலரிடம் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு, ஆபீஸில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட வேண்டிவரும். வெள்ளிக்கிழமை போனதும் உபரி அட்டை ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஹோட்டலுக்குப் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதி வசதி. கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையம் பக்கத்திலேயே. விமான நிலையம் நகரத்திலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல். "நான் வந்து கூட்டிப்போகிறேன்" என்று அண்ணன் கிளம்பினால் விடாதீர்கள். விரைவு ரயில் இரண்டாம் முனையத்திலிருந்து 33 நிமிடத்தில் கே.எல். சென்ட்ரலில் இறக்கிவிடும். அறை வாடகை போக, வெளிநாட்டவரிடம் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனியாக வாங்குவார்கள். பில்லைப் பார்த்துத் திகைக்க வேண்டாம்.

இதையெல்லாம் இப்போதே முடிவு செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தியர்களுக்கு 2023 டிசம்பரிலிருந்து 30 நாள் வரை விசா தேவையில்லை என்றாலும், வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மின்னணு வருகை அட்டையை நிரப்ப வேண்டும். எங்கே தங்குகிறீர்கள் என்ற முகவரி அதில் கேட்பார்கள். அந்த நேரத்தில் கணவனும் மனைவியும் வாக்குவாதம் செய்துகொண்டிருக்கக் கூடாது. அண்ணனுக்கு வருத்தம் வருமென்றால், ஹோட்டல் எடுத்ததைக் கடைசி நேரத்தில் கேள்விப்பட்டால்தான் வரும். இப்போதே சொன்னால் இரண்டு நாள் முனகிவிட்டு விட்டுவிடுவார்.

வெள்ளியும் திங்களும் நீங்கள் இருவர் மட்டும். பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தின் வான்பாலத்துக்கு வெள்ளிக்கிழமையே டிக்கெட் போட்டுவிடுங்கள், திங்கட்கிழமை மூடியிருக்கும். திங்கள் காலை கே.எல். சென்ட்ரலிலிருந்து கொமியூட்டர் ரயில் ஏறினால் பத்துமலை அடிவாரத்திலேயே இறங்கலாம். 272 படி, வெயில் ஏறுமுன் ஏறிவிடுங்கள். நகரத்துக்குள் பசார் செனி என்ற சந்தைப் பக்கம் 1873இல் தொடங்கிய மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. மற்றதை நீங்களே கண்டுபிடித்துக்கொள்வீர்கள்.

சனி, ஞாயிறு முழுக்க அவர்களுடையது. அவர்கள் போகும் மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை) பசியாறுங்கள், அவர்கள் போகும் சந்தைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே போங்கள். காய்கறிக்கு நீங்கள் பணம் கொடுத்தால் யாருக்கும் உறைக்காது. சாப்பாட்டுக் கடைப் பில்லுக்கு முன்னால் இரண்டு ஆண்கள் மல்லுக்கட்டுவதுதான் அசிங்கம். ஒரு ராத்திரிச் சாப்பாடு எங்களுடையது என்று ஊரிலிருந்தே சொல்லிவிடுங்கள். வாழையிலைச் சாப்பாடோ மீன் கடையோ, இடத்தை மகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக அண்ணி. எல்லாவற்றையும் ஆண்கள் இருவரும் போனிலேயே முடித்துக்கொள்கிறார்கள், சமையலறையோ அவருடையது. இந்த வாரமே நீங்கள் தனியாகக் கூப்பிடுங்கள். "அண்ணி, இப்படி வரலாமென்று நினைக்கிறோம், உங்களுக்கு எது சௌகரியம்?" என்று கேளுங்கள். வெள்ளி மாலை வேண்டாம், சனிக்கிழமை காலையில் வாருங்கள் என்று அவர் சொன்னால் அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள். "ஊரிலிருந்து என்ன வேண்டும்?" என்றும் கேளுங்கள். பருப்புப்பொடி, வடகம் என்றால் தாராளமாகக் கட்டுங்கள். செடி, விதை, பழம், இறைச்சி எல்லாம் அனுமதிச் சீட்டு இல்லாமல் கொண்டுவரக் கூடாது. பால்கனியில் வைக்க மல்லிகைக் கன்று ஒன்று கேட்டாரானால், அதை மட்டும் இங்கேயே வாங்கித் தருவதாகச் சொல்லிவிடுங்கள்.